காலடியில் பிறக்கும் வேகம்

அன்புள்ள இளமாறனுக்கு,

“கோல்ஃப் கையால் ஆடுவதுதானே, கோச் ஏன் காலடியில் தட்டை வைத்து அளக்கிறார்?” என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி.

கிளப்பைக் கைதான் வீசுகிறது. ஆனால் அந்த வீச்சுக்கு உடம்பு ஊன்றிக்கொள்ளத் தரையைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. நீ தரையைத் தள்ளும் அளவுக்குத் தரையும் உன்னைத் தள்ளும். பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். அந்த எதிர்த்தள்ளலை அளப்பதே விசைத்தட்டு. எடை பார்க்கும் மெஷின்மேல் நின்று சட்டென்று முழங்காலை மடக்கிப் பார், எண் குறையும். உந்தி எழும்போது உன் எடையையே தாண்டும். கிளப்பைக் கீழே வீசும் டவுன்ஸ்விங்கில் இதெல்லாம் ஏறத்தாழ கால் நொடியில் நடந்து முடிகிறது.

தட்டு மூன்றைக் காட்டும்: இலக்கு நோக்கிய பக்கவாட்டுத் தள்ளல், உடம்பைத் திருப்பும் முறுக்கு, மேல்நோக்கிய உந்தல். தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் பெரும்பாலும் இதே வரிசையில் இவை உச்சம் தொடும். மேல்நோக்கிய உந்தலோ கிளப் பந்தைத் தொடும் முன்பே உச்சத்துக்குப் போய், தொடும்போது இறங்கிக்கொண்டிருக்கும்.

2017, 2022 ஆண்டுகளில் பிஜிஏ சாம்பியன்ஷிப் வென்ற அமெரிக்கர் ஜஸ்டின் தாமஸ் பெரிய உடம்புக்காரர் அல்லர். ஆனாலும் வெகுதூரம் அடிப்பவர். டிரைவர் கிளப்பால் அடிக்கையில் அவருடைய குதிகால்கள் எழும்பி நிற்பதைப் படங்களில் பார்க்கலாம். அது முன்னமே தரையை அழுத்தியதன் விளைவு. அதைப் பார்த்துவிட்டு அடிக்கும் நேரத்தில் நீ எம்பினால், உந்தல் பிந்திவிடும். பந்தும் சரியாகப் படாது. வீடியோ விளைவைக் காட்டும், காரணத்தைத் தட்டுதான் காட்டும். அதன் பயனே அதுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். அழுத்தத்தை மட்டும் அளக்கும் விரிப்புகளும் உண்டு. பாதத்தில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று அவை சொல்லும். பக்கவாட்டுத் தள்ளலையும் முறுக்கையும் நேரடியாக அளப்பதில்லை. அழுத்தம் முன்காலுக்குப் போய்விட்டது என்பதற்காக உடம்பும் அங்கே போய்விட்டதாக எண்ணிவிடாதே. அடுத்தது, கிளப் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது எந்தத் தட்டுக்கும் தெரியாது. பந்து திசை மாறினால் முதலில் அதைப் பார்.

அடுத்த வகுப்பில் “எவ்வளவு விசை?” என்று கேட்காதே, “எப்போது வந்தது?” என்று கேள். ஒரு நாளில் அந்த மூன்றில் ஒன்றை மட்டும் திருத்து. பிறகு தட்டை விட்டு இறங்கி, புல்லில் நின்று அடித்துப் பழகு.

அன்புடன்,
மாமா