அலாய் வீல் மாத்தப் போறியா தம்பி? முதல்ல ஸ்கேலை எடு!

புது அலாய் வீல் போட்டா கார் கம்பீரமாத்தான் நிக்கும், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ரெண்டு பேரை ஏத்திக்கிட்டு முதல் பள்ளத்துல இறங்குறப்போ மட்கார்டுக்குள்ளேருந்து 'கரகர'ன்னு சத்தம் வந்தா அந்தக் கம்பீரத்துக்கு என்ன மரியாதை? படத்துல பார்த்தேன், தள்ளுபடியில கிடைச்சுது, கூட்டாளி போட்டிருக்கான்னு சொல்லிக்கிட்டு வராதே. வீல் வாங்க இந்த மூணுமே காரணம் இல்ல. வாசல் அகலம் பார்க்காம பீரோ வாங்கிட்டு, அப்புறம் கதவைக் கழட்டுற கதையாத்தான் முடியும். தங்கச்சிங்களும் கேட்டுக்கோங்க, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

பொதுவா பேசினா மண்டையில ஏறாது. அதனால ஒரே காரை எடுத்துக்குவோம்: 2012-ல வந்த டொயோட்டா 86. ஜிடி86, சயான் எஃப்ஆர்-எஸ், சுபாரு பிஆர்இசட்னு ஊருக்கு ஒரு பேரு. அடியில இருக்கிறது ஒரே வண்டிதான். உன்கிட்ட வேற ஸ்போர்ட்ஸ் கார் இருந்தா நம்பரை மட்டும் மாத்திக்கோ, கணக்கு இதேதான்.

1. இருக்கிற வீலோட ஜாதகத்தை எழுதி வை

கடைக்குப் போறதுக்கு முன்னாடி இது வேணும். 17 இன்ச் வீலோட வந்த 86-க்கு:

- வீல்: 17×7 இன்ச்
- ஆஃப்செட்: +48 மி.மீ.
- போல்ட் வட்டம்: 5×100
- நடு ஓட்டை: 56.1 மி.மீ.
- டயர்: 215/45 ஆர்17, லோடு குறியீடு 87

சில நாடுகள்ல 16 இன்ச் வீலோடவும் இந்தக் கார் வந்துச்சு. அதனால நான் சொன்னேன்னு அப்படியே எடுத்துக்காதே. டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல டயர் அளவு இருக்கும். வீலைக் கழட்டித் திருப்பினா பின்பக்கத்துல அகலமும் ஆஃப்செட்டும் பொறிச்சிருக்கும். போன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்கோ, முடிஞ்சுது வேலை.

2. ஆஃப்செட்டைப் பார்த்து மிரளாதே

வீலோட அகலத்துல சரிபாதியில ஒரு கோடு போடு. அச்சுல போய் ஒட்டுற முகம் அந்தக் கோட்டுலேருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கோ, அதுதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கமா இருந்தா பிளஸ், உள்பக்கமா இருந்தா மைனஸ். நீ மனசுல வச்சுக்க வேண்டியது இவ்வளவுதான்: நம்பர் குறைஞ்சா வீல் வெளியே வரும், கூடினா உள்ளே போகும். +48-க்குப் பதிலா +43 போட்டா முழு வீலும் 5 மி.மீ. வெளியே நிக்கும்.

'இன்னும் கொஞ்சம் வெளியே நின்னா கெத்தா இருக்குமே'ன்னு +20, +15-னு இறங்காதே. வீல் வெளியே போகப் போக ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங்ல வந்து அடிக்கும். பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கமா இழுக்கலாம். பேரிங் மேல விழுற பாரமும் கூடும்.

3. கணக்கை ரெண்டு பக்கமும் போடு

நிறையப் பேர் கோட்டை விடுற இடம் இது. ஆஃப்செட்டை மட்டும் பார்ப்பாங்க, அகலத்தை மறந்துடுவாங்க. வீல் ஒரு இன்ச் அகலமானா 25.4 மி.மீ. கூடுது. அதுல பாதி உள்ளே போகும், பாதி வெளியே வரும். அதோட ஆஃப்செட் வித்தியாசத்தை வெளிப்பக்கம் கூட்டு, உள்பக்கம் கழி. பழைய 17×7, +48-ஓட ஒப்பிட்டா:

- 17×8, +45: வெளியே 16 மி.மீ., உள்ளே 10 மி.மீ.
- 17×8.5, +45: வெளியே 22, உள்ளே 16
- 17×9, +45: வெளியே 28, உள்ளே 22
- 17×8, +35: வெளியே 26, உள்ளே அசைவே இல்ல

கடைசி வரியைப் பாரு. அகலம் அதே எட்டுதான், ஆஃப்செட்டும் 10 மி.மீ.தான் குறைஞ்சிருக்கு. ஆனா வெளியே நீட்டுறதுல முதல் வரிக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்! 'எட்டு இன்ச் எல்லாம் ஒண்ணுதான்'னு யாராவது சொன்னா நம்பாதே.

இன்னொண்ணு. ரிம்மோட அகலம்னு சொல்றது டயர் உட்காருற உள்பக்க அளவு. வெளியிலேருந்து ஸ்கேல் வச்சா சுமார் ஒரு இன்ச் கூடத்தான் காட்டும். 'எட்டுன்னு சொன்னீங்க, ஒன்பது வருதே'ன்னு கடைக்காரரோட மல்லுக்கு நிக்காதே.

4. இடம் இருக்கான்னு கையை விட்டுப் பாரு

காரைச் சமதரையில நிறுத்து. கொத்தனார் வச்சிருப்பாரே தூக்குக்குண்டு, அது இருந்தா நல்லது. இல்லைன்னா நூல்ல ஒரு நட்டைக் கட்டு. மட்கார்டு விளிம்புல, சக்கரத்துக்கு நேர் உச்சியில நூலை ஒட்டித் தொங்கவிடு. நூலுக்கும் டயரோட வயித்துக்கும் நடுவுல எத்தனை மி.மீ.ன்னு ஸ்கேல் வச்சு அளந்து, அதுலேருந்து மேல போட்ட 'வெளியே' கணக்கைக் கழி. முன்னாடியும் பின்னாடியும் தனித்தனியா அளக்கணும், ரெண்டும் ஒண்ணா இருக்காது.

அடுத்து உள்பக்கம். முன் வீலுக்கும் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் பாரு. அதுலேருந்து மேல போட்ட 'உள்ளே' கணக்கைக் கழி. டயர் வயிறு பிராண்டுக்குப் பிராண்டு மாறும், அதனால கணக்குக்கு மேல ஒரு 5 மி.மீ. மிச்சம் விடு.

நிக்கிற கார்ல இடிக்கலைன்னா போதும்னு நினைக்காதே. ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாரு. முன்னாடி பெரும்பாலும் உரசுறது உள் பிளாஸ்டிக் கவர்லயும், பம்பரும் மட்கார்டும் சேருற மூலையிலயும்தான். பின்னாடி மட்கார்டோட மடிப்பு விளிம்புல.

5. ரிம்முக்கு ஏத்த டயர், டயருக்கு ஏத்த ரிம்

ஒவ்வொரு டயர் அளவுக்கும் எந்த அகல ரிம் சரிப்படும்னு கம்பெனியே போட்டிருக்காங்க:

- 215/45 ஆர்17: 7 முதல் 8 இன்ச்
- 225/45 ஆர்17: 7 முதல் 8.5 இன்ச்
- 245/40 ஆர்17: 8 முதல் 9.5 இன்ச்

பழைய ஏழு இன்ச் ரிம்மிலேயே 245-ஐத் திணிக்காதே. டயர் உப்பிக்கிட்டு நிக்கும், வளைவுல சைட்வால் ஆடும், அகலத்துக்குக் கொடுத்த காசு வீண். எதிர்ப்பக்கமா, அகல ரிம்ல ஒடுக்கமான டயரை இழுத்து மாட்டுற ஸ்டைலும் வேண்டாம். காத்து கொஞ்சம் குறைஞ்சாலே டயர் ரிம்மை விட்டு விலகப் பார்க்கும், பிளாட்பாரம் ஓரத்துல ஒதுக்கினா நேரா ரிம்தான் உரசும்.

6. அகலம் கூடினா உயரத்தையும் பாரு

- 215/45 ஆர்17: விட்டம் 625 மி.மீ.
- 245/40 ஆர்17: 628
- 225/45 ஆர்17: 634
- 225/40 ஆர்18: 637
- 235/45 ஆர்17: 643

முதல் நாலும் பழைய அளவுலேருந்து 2 சதவீதத்துக்குள்ளதான் இருக்கு, கவலை இல்ல. கடைசி ஒண்ணு கிட்டத்தட்ட 3 சதவீதம் பெரிசு. ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறும், கியர் கொஞ்சம் மந்தமா இழுக்கும், உரசுற வாய்ப்பும் கூடும். புது டயரோட லோடு குறியீடு 87-க்குக் கீழே வராம பார்த்துக்கோ. வேகக் குறியீட்டுலயும் இறங்காதே.

7. அகலமே எல்லாம் இல்ல

இந்த 86 வரும்போது அது கால்ல இருந்தது மிஷலின் ப்ரைமசி எச்பி. ப்ரையஸ்ல சில வகைகளுக்குப் போட்ட அதே டயர்! தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவோட அணி தெரிஞ்சேதான் அப்படிச் செஞ்சாங்க. சுமார் 200 குதிரைச் சக்திதான் இருக்கு, பிடிப்பை அளவா வச்சா சாதாரண வேகத்துலயே காரோட விளையாட்டு ஓட்டுறவன் கைக்குத் தெரியும்ங்கிற எண்ணம்.

பிடிப்பு போதலைன்னா முதல்ல அகலத்தைத் தேடாதே, டயரோட ரகத்தைத் தேடு. மட்டமான 245-ஐ விட நல்ல ரப்பர்ல வந்த 215 நல்லாப் பிடிக்கும். அகலம் கூடக் கூட ரோட்டுல தேங்கின தண்ணியில டயர் மிதக்குறதும் சீக்கிரம் வரும். மழை ஊர்ல இருக்கிறவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

8. பின்னாடி மட்டும் அகலம் வேண்டாம்

86-க்கு நாலும் ஒரே அளவுதான். பின்னாடி மட்டும் அகலமாப் போட்டா வளைவுல மூக்கு வெளியே ஓடும், இந்தக் காரோட சுபாவமே கெட்டுப்போகும். முன்னாடி பின்னாடி மாத்திப் போட்டு சமமாத் தேய வைக்கவும் முடியாது.

9. சின்ன சாமான்லதான் பெரிய தப்பு நடக்கும்

- நட்டு: டொயோட்டா பேரு இருக்கேன்னு டொயோட்டா நட்டு வாங்காதே. மத்த டொயோட்டாக்கள்ல பெரும்பாலும் எம்12×1.5. இதுக்கு சுபாரு மரை, எம்12×1.25. மாத்தி முறுக்கினா மரை போச்சு.
- போல்ட் வட்டம்: 5×100-க்குப் பதிலா 5×114.3 வீலை 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்'னு சொல்ற கடையிலேருந்து அப்பவே கிளம்பு.
- நடு வளையம்: வெளிக் கம்பெனி வீல்ல நடு ஓட்டை பெரிசா, பல சமயம் 73.1 மி.மீ. இருக்கும். 56.1-க்குக் குறைக்கிற வளையம் கேட்டு வாங்கு. இல்லைன்னா வீல் நடுவுல உட்காராம வேகத்துல ஸ்டியரிங் நடுங்கும்.
- ஸ்பேசர்: 5 மி.மீ. ஸ்பேசர் போட்டா +48 வீல் +43 மாதிரி நிக்கும். ஆனா நட்டு பிடிக்கிற மரையும் 5 மி.மீ. குறையும். சரியான ஆஃப்செட்டையே தேடி வாங்கு, இதுல குறுக்கு வழி வேண்டாம்.
- பிரேக்: பெரிய காலிப்பர் இருந்தா அளவெல்லாம் சரியா இருந்தாலும் ஸ்போக் இடிக்கலாம். டயர் இல்லாம வீலை மட்டும் ஒரு தடவை மாட்டிச் சுத்திப் பார்த்துட்டு அப்புறம் டயர் ஏத்தச் சொல்லு. டயர் ஏறின வீலைக் கடையில திரும்ப வாங்க மாட்டாங்க.
- முத்திரை: ஜப்பான் தரத்துக்கான ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. குறி இருக்கான்னு பாரு. கண்ணைப் பறிக்கிற விலைக்கு நகல் வீல் வாங்கி உசுரோட விளையாடாதே.

10. மாட்டினதோட வேலை முடியல

நட்டை நட்சத்திர வரிசையில, டார்க் ரெஞ்ச் வச்சு, மேனுவல்ல இருக்கிற அளவுக்கு முறுக்கு. ஏர் கன்னை வச்சு 'டர்ர்'னு அடிச்சு முடிக்க விடாதே. ஒரு 100 கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப ஒரு தடவை முறுக்கிப் பாரு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லி வை. உங்க ஊர்ல டயர் மட்கார்டை விட்டு எவ்வளவு நீட்டலாம்னு சட்டத்தையும் வாங்குறதுக்கு முன்னாடியே விசாரிச்சுக்கோ.

நேரமே இல்லையா? இதை மட்டும் படி

தினமும் ஓட்டுற, உயரம் குறைக்காத 86-க்கு 17×8, +45-ஐ ஒட்டின ஆஃப்செட், 225/45 ஆர்17. எங்கேயும் வெட்டாம, மடிக்காம உட்காரும். ரேஸ் டிராக்குக்குப் போறவங்க மட்டும் 17×9-ம் 245/40-ம் யோசிங்க. அப்பவும் முன் சக்கரத்துக்குக் கேம்பர் (சக்கரத்தோட சாய்வு) சரி பண்ணித்தான் போடணும்.

ரெண்டுல ஒண்ணை வாங்கத்தான் பட்ஜெட் இருக்குன்னா டயரை வாங்கு, வீல் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். அப்படியே வீல் மாத்தினாலும், பழைய நாலையும் அன்னைக்கே வித்துடாதே. ஆள் நிறைய ஏத்தி, நல்ல மழையில ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு அப்புறமா வில்லு.