தாத்தா போட்டோவும் பாறைப் படமும்

கல்யாண வீடோ கருத்தரங்கோ, இந்தப் பேச்சைக் கேட்காமல் திரும்ப முடிவதில்லை: "மங்கிப்போன போட்டோவையே ஏஐ பளிச்சென்று ஆக்கிவிடுகிறதே சார், உங்கள் சீஸ்மிக் படத்தையும் அதில் போட்டால் பூமிக்குள் இருப்பதெல்லாம் தெரிந்துவிடாதா?"

தெரியாது. மங்கிய போட்டோவில் தாத்தாவின் மூக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஏஐ ஊகிக்கிறது. ஊகம் தப்பினால் பாட்டி சிரிப்பார். பாறையில் தப்பினால் தோண்டிய கிணறு வீண்.

சீஸ்மிக் படம் என்பது தரையிலிருந்து கீழே அனுப்பும் அதிர்வலையின் எதிரொலிகளால் ஆனது. கணக்குப் போடுங்கள். 2 கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குள் அலை நொடிக்கு 3,000 மீட்டர் ஓடுகிறது, அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அலைநீளம் 100 மீட்டர். அதில் கால் பங்கு, 25 மீட்டர். அதைவிட மெல்லிய அடுக்கு என்றால் மேல்பரப்பின் எதிரொலியும் அடிப்பரப்பின் எதிரொலியும் ஒட்டிக்கொண்டு ஒரே பட்டையாகத்தான் தெரியும். அடுக்கு 10 மீட்டரோ 5 மீட்டரோ, பட்டையின் அகலம் மாறாது, வலுதான் குறையும். 1973இல் இதைப் பற்றி எழுதிய புவி இயற்பியலாளர் வைடஸ்கூட அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்.

அதிர்வெண்ணைக் கூட்டினால் ஆயிற்று என்பீர்கள். மண் விட வேண்டுமே! திருவிழா ஸ்பீக்கர் பாட்டு நாலு தெரு தள்ளி வரும்போது வார்த்தையெல்லாம் தேய்ந்து "தொம் தொம்" மட்டும்தானே மிஞ்சுகிறது? பாறை அதைவிடக் கறார். மேல் அதிர்வெண்களைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் அனுப்புகிறது. இரைச்சலுக்கு அடியில் போனதை டீகான்வல்யூஷன் என்னும் கணக்கு முறை தூக்கிவிடப் பார்த்தால், இரைச்சலும் கூடவே எழுந்து நிற்கும். ஏஐயோ வேறு படுகையில் படித்ததை இங்கே வரைந்துவைக்கும். ஒரு கிணற்றின் லாக்கை, அதாவது ஆழவாரியான பாறை அளவீட்டை, அதற்குக் காட்டாமல் மறைத்துவைத்து, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். கைதட்டலை அதுவரை தள்ளிவையுங்கள்.

4 மில்லிசெகண்டுக்கு ஒரு புள்ளியாக எடுத்த பதிவை 1 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக மாற்றினால் துல்லியம் கூடுமாம். புள்ளிதான் கூடும். வெடிமருந்தைக் கூட்டினால் தெளிவு வருமாம். பெரிய வெடி சத்தத்தைக் கூட்டும், அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும். மேல் அதிர்வெண் இருந்தால் போதும் என்பதும் பொய். கீழ் அதிர்வெண் இல்லாத படத்தில் ஒவ்வொரு அடுக்குக்கும் இரு பக்கமும் போலிக் கோடுகள் முளைக்கும்.

உண்மையில் தெளிவு தொடங்குவது வயலில். உழுத மண்ணில், அதிர்வைப் பதிவுசெய்யும் ஜியோஃபோனின் ஆணி பாதிதான் இறங்கியிருக்கும், வயர் காற்றில் ஆடும், பக்கத்தில் பம்புசெட் ஓடும். அத்தனையும் பதிவாகும். முக்கால் சாண் மண்ணை விலக்கி, உறுதியான தரையில் ஆணியை அழுத்தி நட்டு, வயரை மண்ணால் மூடச் சொன்னால் நேரமில்லை என்கிறார்கள். நடுகிற தினக்கூலி ஆளுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்கக் காசில்லை என்று கைவிரிப்பவர்கள்தான், படத்தைப் பளபளப்பாக்கும் மென்பொருளுக்கு வருஷா வருஷம் கணக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.