வால்வின் மேல் பழி போடாதீர்கள்

நம்பிக்கை: பழைய ஹாம் ரேடியோ செட்டில் ஃப்ரீக்வென்சி நகர்ந்தால் வால்வு போய்விட்டது, மாற்ற வேண்டும்.

உண்மை: கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 1970களின் யாயெசு எஃப்டி-101, கென்வுட் டிஎஸ்-520 இரண்டிலும் இருப்பவை மூன்றே வால்வுகள்: டிரைவர் ஒன்று, ஃபைனல் இரண்டு. அனுப்பும்போது சக்தியைப் பெருக்குவதோடு அவற்றின் வேலை முடிந்தது. ஃப்ரீக்வென்சியைத் தீர்மானிக்கும் விஎஃப்ஓவில் இருப்பது டிரான்சிஸ்டர். ஃபைனல் ஜோடியைத் தேடி அலைந்து, காசைக் கொட்டி மாற்றிவிட்டு, 'இன்னும் நகர்கிறதே' என்றால் என்ன சொல்வது?

சந்தேகமா? டிஎஸ்-520இல் ஹீட்டருக்குத் தனி சுவிட்ச் உண்டு. அதை அணைத்து, ஆறிய செட்டை ரிசீவில் வையுங்கள். காலிப்ரேட்டர் சிக்னலை 1000 ஹெர்ட்ஸ் சுருதியில் பிடியுங்கள். டயலைத் தொடாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை செல்போன் செயலியால் அந்தச் சுருதியை அளந்து எழுதுங்கள். வால்வுகள் ஜில்லென்று கிடக்கும். சுருதி மாறிக்கொண்டே போகும்.

காரணம், விஎஃப்ஓ பெட்டிக்குள் ஏறும் சூடு. 5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் விஎஃப்ஓவின் மொத்தக் கண்டென்சர் மதிப்பு பத்தாயிரத்தில் நான்கு பங்கு கூடினாலே ஃப்ரீக்வென்சி 1 கிலோஹெர்ட்ஸ் இறங்கிவிடும். அதைச் சமன்செய்யத்தான் சூட்டில் மதிப்பு குறையும் கண்டென்சரையும் அங்கே வைத்தார்கள். பழசு என்று அதைப் பிடுங்கி எறிகிறவர்கள் நகர்வைத் தாங்களே கூட்டிக்கொள்கிறார்கள். வால்வின் சூடும் உள்ளே பரவும், மறுக்கவில்லை. புது வால்வும் அதே சூட்டைத்தானே தரும்!

நம்பிக்கை: திடீரென்று தாவுவதும் சூட்டால்தான்.

உண்மை: இல்லை. சூடு மெல்ல மெல்லத்தான் நகர்த்தும். தாவினால் கேங்க் கண்டென்சரின் தொடுமுனையில் அழுக்கைத் தேடுங்கள். அடுத்து, விரிசல் விட்ட சால்டரிங்கை.

நம்பிக்கை: 80 மீட்டரைவிட 10 மீட்டரில் பல மடங்கு நகரும்.

உண்மை: இந்த செட்டுகளில் எல்லா பேண்டுக்கும் விஎஃப்ஓ ஒன்றே. பேண்டை மாற்றுவது கிரிஸ்டல். நகர்வும் ஏறக்குறைய ஒன்றே.

நம்பிக்கை: பழைய செட் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறைக்கு ஆகாது.

உண்மை: சூடேறிய பின் அரை மணிக்கு 100 ஹெர்ட்ஸுக்குள் என்பது டிஎஸ்-520க்குச் சொல்லப்பட்ட கணக்கு. எஃப்டி8-இன் 15 விநாடிக்கு அது 1 ஹெர்ட்ஸ்கூட இல்லை. எஃப்டி8 தொனிகளுக்கு இடையிலோ 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளி. பவரை மட்டும் குறைத்து வையுங்கள், ஃபைனல் பிழைக்கும்.

ஹாம் கிளப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். புதியவர் கையில் சால்டரிங் அயர்னைக் கொடுக்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். ஒரு மணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஓர் அளவு, ஒரு வரைபடம். பழுதா இயல்பா என்று அந்தப் பக்கமே சொல்லிவிடும். அதைக் கொண்டுவராதவரின் செட்டின் மூடியை என் மேசையில் இனி கழற்ற மாட்டேன்.