நாய், பூனைகளில் பித்த வழி அடைப்பும் அறுவைச் சிகிச்சையும்

கல்லீரலில் ஓயாது ஊறும் பித்தநீர், பித்தப்பையில் தங்கிச் செறிவடைந்து, உணவு குடலை அடையும் வேளையில் பித்த நாளத்தின் வழியே சிறுகுடலின் முற்பகுதியைச் சேர்கிறது. கொழுப்பை நுண்துளிகளாகப் பிரித்து ஜீரணத்துக்கு உகந்ததாக்குவது அதன் பணி. எண்ணெயும் நீரும் கொண்ட கண்ணாடிக் குழாயில் சிறிது சோப்பு நீரைச் சேர்த்துக் குலுக்கிக் காட்டினால், மாணவர் இச்செயலை எளிதில் உணர்வர். மலத்தின் பழுப்பு நிறமும் பித்த நிறமியினால் உண்டாவதே.

மஞ்சள் நிறத்தின் காரணங்கள்

நாயின் ஈறும் வெண்விழியும் மஞ்சள் நிறமடைந்தால், அதற்குரிய காரணம் எதுவென ஆராய்தல் வேண்டும். உண்ணிகள் பரப்பும் பபீசியா என்னும் ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். அந்நோயில் ஈறு வெளிறும். சிறுநீர் செம்பழுப்பாக இறங்குவதும் உண்டு. ஆயின் மலம் வெளுப்பதில்லை. லெப்டோஸ்பைரா கிருமிகள் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அவை சிறுநீர் வாயிலாக மனிதரையும் தொற்றக்கூடியவை. ஆகலின் கையுறையின்றி அச்சிறுநீரைத் தொடலாகாது. இவ்விரண்டிற்கும் மருந்தே சிகிச்சை. மூன்றாவது காரணம் பித்த வழி அடைபடுதல். அடைப்பு முழுமையானால் மலம் களிமண் போல் வெளுக்கும். இதற்குப் பலவேளைகளில் அறுவைச் சிகிச்சை இன்றியமையாதது.

கணைய அழற்சி, பித்தக்கல், கட்டி ஆகியவை அடைப்பை விளைவிக்கும். வெப்ப நாடுகளில் பல்லிகளைத் தின்னும் பூனைகளின் பித்த நாளங்களில் பிளாட்டினோசோமம் என்னும் தட்டைப்புழு குடிபுகுவதுண்டு. நடுத்தர வயது கடந்த நாய்களில், பித்தப்பை முழுவதும் கூழ் போன்ற கெட்டிச் சளியால் நிரம்பும் நோயும் காணப்படுகிறது. நாளடைவில் பையின் சுவர் நைந்து கிழியலாம். கிழிந்தால் பித்தநீர் வயிற்றறையில் பரவி உயிருக்கு ஆபத்து நேரும்.

சிகிச்சை முறை

ரத்தப் பரிசோதனையும் கேளா ஒலி அலைப் படமும் நோயை உறுதி செய்ய உதவும். குடலில் பித்தநீர் இல்லையெனில் வைட்டமின் கே உட்கிரகிக்கப்படாது. ரத்தம் உறையும் தன்மை குன்றும். ஆதலால் கூடுமாயின், அறுவைக்கு ஒரு நாள் முன்பாகவே அந்த வைட்டமின் ஊசி மூலம் செலுத்தப்படுகிறது. அறுவையின்போது பித்த நாளத்தில் நீர்மம் செலுத்தி வழி திறந்திருப்பதை உறுதி செய்தபின், நோயுற்ற பித்தப்பை கல்லீரலினின்று பிரித்து அகற்றப்படுகிறது. வழியைத் திறக்க இயலாதபோது, பித்தப்பை நல்ல நிலையில் இருப்பின், அதனைக் குடலோடு இணைப்பதுமுண்டு. பூனையில் பித்த நாளமும் கணைய நாளமும் கூடிக் குடலில் திறப்பதால், ஒன்றின் அழற்சி மற்றதையும் பாதிக்கும். எனவே அங்கு மிகுந்த எச்சரிக்கை தேவை.

பித்தப்பையை இழந்தால் பிராணி வாழுமோ என்று வளர்ப்போர் அஞ்சுவது இயல்பு. குதிரைக்கும் எலிக்கும் பித்தப்பை இல்லை என்பதை எடுத்துக்கூறி அவ்வச்சத்தைப் போக்கலாம். அது அகற்றப்பட்டபின், பித்தநீர் கல்லீரலிலிருந்து நேரே குடலைச் சேரும்.

களப் பணியாளர் கடமை

காமாலை என்றவுடன் மூலிகைச் சாறு புகட்டி நாட்களைக் கழிப்பது பலவிடங்களில் வழக்கம். அடைப்பு நோயில் இத்தாமதமே உயிரைப் போக்கக்கூடும். மஞ்சள் நிறம் தோன்றிய நாள், மலம், சிறுநீர் இவற்றின் நிறம், வாந்தி, உண்ணிகள் உளவா என்பன குறிக்கப்பட வேண்டும். மலம் வெளுத்தாலோ, வயிற்றைத் தொடும்போது பிராணி வலியால் துடித்தாலோ, அதே நாளில் அறுவை வசதியுள்ள கால்நடை மருத்துவமனைக்கு அக்குறிப்புடன் அனுப்புதல் வேண்டும்.