வழுநீக்கியைச் சோதிக்கும் முறை

கொழுந்து மடுவத்தில் தராசு சொல்வதே கணக்கு. நாள் முழுதும் பறித்த கொழுந்தின் நிறையை அது சொல்ல, அதன்படியே பெயருக்கு நேரே இலக்கம் எழுதப்படும். தராசு ஒரு கிலோ குறைத்துச் சொல்லின், பறித்தவர்க்கு வேறு சான்று இல்லை. ஆதலின் கொழுந்தை நிறுக்குமுன், நிறை தெரிந்த படிக்கல்லை ஏற்றித் தராசையே சோதித்தல் முறையாகும். அளக்குங் கருவியை அளப்பது எங்ஙனம் என்னும் இவ்வினா கணினித் துறையிலும் உண்டு. அதனையே ஈண்டு ஆராய்வாம்.

வழுநீக்கி என்பது பிற செய்நிரல்களின் பிழையைக் காண உதவும் ஒரு செய்நிரல். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வேண்டிய வரியில் நிறுத்தி, அவ்வேளை மாறிகள் கொண்டுள்ள பெறுமானங்களைக் காட்டுவது அதன் தொழில். 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆக்கிய ஜிடிபி இவ்வகையிற் புகழ்பெற்றது. மாறியின் பெறுமானம் 7 ஆயிருக்க, வழுநீக்கி 9 எனக் காட்டுமாயின் நிரலாளர் குற்றமற்ற வரியைத் திருத்தி, நல்ல நிரலையும் கெடுத்துவிடுவர்.

இங்குப் படிக்கல்லாவது, விடை முன்னரே தெரிந்த சிறு செய்நிரல். 'பத்தாம் வரியில் நிறுத்து. இம்மாறியைக் காட்டு' என வழுநீக்கியை ஏவி, வந்த விடையை அறிந்த விடையோடு ஒப்பிடுதலே சோதனை. ஜிடிபிக்கு இத்தகைய சோதனைகள் பல்லாயிரம் உள. ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் அவற்றை மனிதர் இருந்து செய்தல் இயலாது. ஆகவே டெஜாக்னு என்னும் சோதனைச் சட்டகமும், அதனுள் எக்ஸ்பெக்ட் என்னுங் கருவியும் அப்பணியை ஏற்றுள்ளன. எக்ஸ்பெக்ட், மனிதர் போலக் கட்டளையிட்டு விடைக்குக் காத்திருக்கும். குறித்த நேரத்துள் விடை வாராதாயின் அதனைப் பதிந்துவிட்டு அப்பாற் செல்லும்.

ஓரிடத்துச் சோதனை போதுமோ? போதாது. தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இரத்தினபுரி, பசறை முதலிய வேறு நிலங்களிலும் நிலையங்கள் வைத்திருப்பதன் காரணம் யாது? மண்ணும் உயரமும் மாறின் செடியின் இயல்பும் மாறும் என்பதன்றோ! கணினிக்கு மண் போன்றது பணிசெயல் முறைமை. ஓடும் நிரலைப் பிடித்து நிறுத்துதற்கு லினக்ஸ் ஒரு வழியைத் தருகின்றது. விண்டோஸ் மற்றொன்றைத் தருகின்றது. மாக் கணினியின் வழி வேறு. அன்றியும், லினக்ஸில் ஒரு குறியால் முடியும் வரி விண்டோஸில் இரு குறிகளால் முடிவதுண்டு. சோதனை எழுதியவர் இதனைக் கருதாவிடின், வழுநீக்கியின் சரியான விடையும் தவறென்றே பதியப்படும். எனவே, தவறு கண்டவிடத்து அது வழுநீக்கியின் பிழையோ, சோதனையின் பிழையோ, முறைமையின் வேறுபாடோ எனப் பிரித்தறிதல் வேண்டும்.

இதற்காகவே முடிவுகள் பலவாக வகுக்கப்பட்டுள. தேறியது, தவறியது என்பவற்றோடு, எதிர்பார்த்த தவறு, எதிர்பாராத தேர்ச்சி, இம்முறைமைக்குப் பொருந்தாதது என்பனவும் உண்டு. இவற்றுள் எதிர்பார்த்த தவறு என்பதைக் கையாளுங்கால் விழிப்பு வேண்டும். காரணம் அறியாத தவறுகளையெல்லாம் அப்பெயரால் அடக்கி, அறிக்கையைத் தூயதாக்குதல், தராசுத் தட்டின் அடியிற் கல்லை ஒட்டி முள்ளை நேர்ப்படுத்துவதை ஒக்கும். எதிர்பாராத தேர்ச்சியும் ஆராயத்தக்கதே; சோதனை உண்மையில் எதனையும் சோதியாமலே தேறியிருத்தல் கூடும்.

இஃது அயலார்க்கே உரிய துறை எனத் தயங்க வேண்டா. கூகுள் நிறுவனம் 2005இல் தொடங்கிய மாணவர் நிரலாக்கத் திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில், பங்குபற்றிய மாணவர் தொகையால் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் உலகில் முதலிடம் பெற்றது. ஜிடிபியோ விலையின்றிக் கிடைப்பது. லிந்துலை மாணவரும் பத்து வரியில் ஒரு நிரல் எழுதி, ஐந்து வினாக்களுக்கு விடையை முன்னரே தாளிற் குறித்து, லினக்ஸிலும் விண்டோஸிலும் ஒப்பிட்டுப் பார்ப்பாராக. விடைகள் வேறுபடின் அதற்கான காரணத்தை எழுதிவைப்பாராக. கருவி சொல்வதை அப்படியே ஏற்காது, சான்று கேட்கும் பழக்கம் அன்றே தொடங்கும்.