தண்டவாளம் முடியும் இடத்தில் ஒரு தீவு

கீழ்க்காணும் உரையை வாசித்திடுக. இது மூன்றாம் படிவ மாணவன் ஒருவன், பள்ளி விடுமுறைக்குப் பின் ‘நான் பரிந்துரைக்கும் சுற்றுலாத்தலம்’ எனும் தலைப்பில் வகுப்பில் ஆற்றிய உரை.



சென்ற தவணையில் நம் தோழி ஒருவர் மால்டாவுக்குச் சென்று வந்த அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். மத்தியதரைக் கடலில், இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே உள்ளது அந்த நாடு. அதன் பரப்பளவு 316 சதுர கிலோமீட்டர்தான். நம் சிலாங்கூர் மாநிலத்தில் அதைப் போல ஏறத்தாழ 25 நாடுகளை அடக்கிவிடலாம். மஞ்சள் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள், எகிப்தியப் பிரமிடுகளைவிடப் பழைமையான கற்கோவில்கள், முகப்பில் இரு கண்கள் வரையப்பட்ட மீன்பிடிப் படகுகள் எனப் பல படங்களை அவர் காட்டினார். மலாய்மொழியில் நாம் ‘கித்தாப்’, ‘டுனியா’ என்று சொல்வதைப் போலவே மால்டா மக்களும் நூலை ‘க்தீப்’ என்றும் உலகத்தைத் ‘தின்யா’ என்றும் சொல்கிறார்கள். இரு மொழிகளும் அரபு மொழியிலிருந்து அச்சொற்களைப் பெற்றிருப்பதே காரணம்.

அன்று மாலையே அப்பாவிடம், “விடுமுறைக்கு நாமும் மால்டா போகலாம்,” என்றேன். அப்பா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். நால்வருக்கான விமானக் கட்டணமே அவருடைய பல மாதச் சம்பளமாக இருந்தது.

“கடலும் தீவும்தானே வேண்டும்? சனிக்கிழமை காலையில் தயாராக இரு. பாட்டியும் வருகிறார்,” என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு பிரிக்பீல்ட்சில் உள்ளது. சனிக்கிழமை காலை கே.எல். சென்ட்ரல் நிலையத்திற்கு நடந்தே சென்று கொமுட்டர் இரயிலில் ஏறினோம். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்க 1886ஆம் ஆண்டில் இப்பகுதிக்கு இரயில் வந்தது. தாத்தா இரயில்வேயில் வேலை செய்தவர். அதனால், ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் அறிவிப்புக்கு முன்னரே பாட்டி சொல்லிக்கொண்டு வந்தார். சுபாங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் ஆகியவற்றைக் கடந்து, ஒரு மணி நேரத்திற்கும் மேலான பயணத்திற்குப் பின் கிள்ளான் துறைமுக நிலையத்தில் இறங்கினோம். தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடுகிறது. சில நிமிடம் நடந்தால் படகுத்துறை.

படகில் கால் வைக்கும் நேரத்தில் பாட்டி நின்றுவிட்டார். படகு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவர் என் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

“பயமா பாட்டி?” என்று கேட்டேன்.

“பயமில்லை கண்ணு. அன்றைக்கும் இப்படித்தான் ஆடியது,” என்றார்.

படகு நகர்ந்ததும் பாட்டி சொல்லத் தொடங்கினார். அவருக்கு அப்போது எட்டு வயது. ஆண்டு 1955. அவருடைய அப்பா இந்தத் துறைமுகத்தில் சுமை தூக்கும் வேலை செய்துகொண்டிருந்தார். அவரிடம் வந்து சேர, பாட்டியும் அவருடைய அம்மாவும் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலில் ஏறினார்கள். கப்பல் கரையோரம் வராது. கடலில் தள்ளி நிற்கும். சிறு படகில் சென்றுதான் ஏற வேண்டும். கரையில் நின்று கையசைத்த தம் அம்மாச்சி, ஒரு புள்ளியாகி மறையும்வரை பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

“அதற்குப் பிறகு அம்மாச்சியைப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன்.

“இல்லை. நான்கு ஆண்டு கழித்துக் கடிதம்தான் வந்தது,” என்றார்.

எல்லாரும் தீவு வரும் திசையை நோக்கிக்கொண்டிருந்தனர். பாட்டி மட்டும் திரும்பித் துறைமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1972இல்தான் போர்ட் கிள்ளான் ஆனது. “அங்கேதான் இறங்கினேன். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்,” என்றார். பாரந்தூக்கிகளும் கொள்கலன்களும் அடுக்கடுக்காய் நிற்கும் இடத்தில் பாட்டிக்கு ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. இரயிலில் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததை எண்ணி வெட்கப்பட்டேன்.

அலையாத்திக் காடுகளைக் கடந்து படகு கெத்தாம் தீவை அடைந்தது. மலாய்மொழியில் ‘கெத்தாம்’ என்றால் நண்டு. இது பெரும்பாலும் சீன மீனவர்கள் வாழும் தீவு. சேற்றுநிலத்தில் தூண்களை நட்டு, அவற்றின் மேல் வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். கடை, பள்ளி, கோவில், காவல் நிலையம் எல்லாம் தூண்களின் மேலேதான் நிற்கின்றன. தெருக்கள்கூட நீளமான பாலங்களே! இங்குக் கார்கள் இல்லை, மிதிவண்டியும் மின்மிதிவண்டியும்தான். கிரேக்க நாட்டின் ஹைட்ரா தீவிலும் கார்கள் இல்லை. அங்கே கழுதைகள் சுமை தூக்குகின்றன.

நாங்கள் மிதிவண்டிகளை வாடகைக்கு எடுத்தோம். பாட்டி ஒரு கடையின் நிழலில் அமர்ந்து, வலை பின்னும் சீன மூதாட்டி ஒருவருடன் மலாய்மொழியில் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பி வந்தபோது இருவரும் தம் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தனர்.

நண்பர்களே, இத்தீவில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மால்டாவின் நீலக் கடல் இங்கில்லை. இங்குள்ளது சேறு கலந்த பழுப்பு நீர். குளிப்பதற்கு ஏற்ற வெண்மணற் கடற்கரையும் இல்லை. நீர் வற்றும் வேளையில் வீடுகளுக்கு அடியில் ஞெகிழிப் பைகளும் புட்டிகளும் தெரிகின்றன. அவற்றுள் ஒரு பகுதி, நம்மைப் போன்ற பயணிகள் விட்டுச் சென்றதாகவும் இருக்கலாம். ஆனால், அதே சேற்றில்தான் சின்னஞ்சிறு நண்டுகள் வளை தோண்டுகின்றன. மீன்கள் துடுப்புகளை ஊன்றித் தத்தித் தத்திச் செல்கின்றன.

நீங்களும் செல்ல விரும்பினால் சில குறிப்புகள்: காலையிலேயே புறப்படுங்கள். கரை திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை இறங்கியவுடன் கேட்டு வையுங்கள். தொப்பியும் தண்ணீரும் கொண்டு செல்லுங்கள். பாலங்களில் மெதுவாக ஓட்டுங்கள். அவை மக்களின் வீட்டு வாசல்கள். அனுமதியின்றி யாரையும் படம் எடுக்காதீர்கள். உங்கள் குப்பையை உங்கள் பையிலேயே கொண்டு வாருங்கள்.

என்றாவது ஒருநாள் மால்டாவுக்கும் செல்வேன். அந்த ஆசை இன்னும் இருக்கிறது. ஆனால், இன்று நான் பரிந்துரைப்பது கெத்தாம் தீவைத்தான். முடிந்தால் உங்கள் வீட்டு முதியவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். படகில் அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று கவனியுங்கள்.



கருத்துணர் வினாக்கள்

1. மால்டா மொழியிலும் மலாய்மொழியிலும் ஒத்த சொற்கள் இருப்பதற்குக் காரணம் என்ன?

2. படகில் ஏறும்முன் பாட்டி தயங்கி நின்றதன் காரணத்தை உம் சொந்த நடையில் விளக்குக.

3. “பாட்டிக்கு ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது.” இவ்வரி உணர்த்தும் கருத்து யாது?

4. கெத்தாம் தீவின் குறைகளையும் மாணவன் கூறுகிறான். இதனால் அவனது பரிந்துரை வலுப்பெறுகிறதா, வலுவிழக்கிறதா? காரணத்துடன் எழுதுக.

5. உம் குடும்ப முதியவர் ஒருவரிடம் அவரது முதல் நெடும்பயணத்தைப் பற்றிக் கேட்டறிந்து, வகுப்பில் இரண்டு நிமிடம் பேசுக.