வடிகாலும் வாக்குச்சீட்டும்

பேராக் மாநிலத்தில், கேமரன் மலைக்கு ஏறிச் செல்லும் பழைய சாலையின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது தாப்பா. அது பெரிய நகரமன்று. கடைவரிசைகள், சந்தை, பேருந்து நிலையம், அவற்றைச் சுற்றித் தோட்டங்களும் கம்பங்களும் புதுக்கிராமங்களும். இத்தகைய ஊரில் அடைமழைக்குப் பிறகு கடைக்குப் பின்னால் உள்ள வடிகால் அடைத்துக்கொண்டால் யாரிடம் முறையிடுவது?

பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் நாடாளுமன்ற உறுப்பினர்தான். உண்மையில் அந்த வடிகால் தாப்பா மாவட்ட மன்றத்தின் பொறுப்பில் உள்ளது. சந்தை, அங்காடிக் கடை உரிமம், விளையாட்டுத் திடல் போன்றவற்றையும் மாவட்ட மன்றமே கவனிக்கிறது. வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் செலுத்தும் மதிப்பீட்டு வரி அதன் முக்கிய வருமானங்களுள் ஒன்று. கூட்டரசுச் சாலை பழுதடைந்தால் பொதுப்பணித் துறையை நாட வேண்டும். ஆறு கரை புரண்டால் வடிகால் நீர்ப்பாசனத் துறையை நாட வேண்டும்.

மாவட்ட மன்ற உறுப்பினர்களை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, தலைவருடன் 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. பெரும்பான்மையோர் அவ்வட்டாரத்திலேயே குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் மக்கள் நகராண்மைக் கழகத் தேர்தலில் வாக்களித்தனர். நாடு விடுதலை பெறுவதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே நடந்த தேர்தல் அது. 1952இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, புதுக்கிராமங்கள் போன்ற சிற்றூர்களிலும் மக்கள் தங்கள் மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்க வழிவகுத்தது. 1965இல், இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்துப் பகைமை பாராட்டிய காலத்தில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டில், ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அவ்வாணையம் தேர்தல் தொடர வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அரசு அப்பரிந்துரையை ஏற்கவில்லை. நியமன முறையால் நிர்வாகம் சீராக நடக்கும் என்பது ஒரு தரப்பின் வாதம். வரி கட்டுபவருக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வேண்டும் என்பது மறுதரப்பின் வாதம். இவ்விவாதம் இன்றும் ஓயவில்லை.

அப்படியானால் வடிகாலுக்கும் வாக்குச்சீட்டுக்கும் தொடர்பே இல்லையா? உண்டு, ஆனால் அது சுற்றுவழித் தொடர்பு. 2022 நவம்பர் 19ஆம் நாள் தாப்பா வாக்காளர் கையில் இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்று நாடாளுமன்றத்துக்கு, மற்றொன்று செண்டரியாங் அல்லது ஆயர் கூனிங் சட்டமன்றத் தொகுதிக்கு. தேநீர்க் கடைப் பேச்சில் பெரிதாக அடிபடுவது நாடாளுமன்றச் சீட்டுதான். ஆயினும், மன்ற உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு என்பதால், வடிகாலுக்கு அருகில் இருப்பது சட்டமன்றச் சீட்டே.

வாக்களிப்பு நிலையங்கள் பெரும்பாலும் பள்ளிகளிலேயே அமைகின்றன. அங்கே வாக்காளர்கள் ‘சாலுரான்’ எனப்படும் வரிசைகளாக வயதுவாரியாகப் பிரிக்கப்படுகின்றனர். முதல் வரிசையில் முதியோர், கடைசி வரிசையில் இளையோர். ஒவ்வொரு வரிசையின் வாக்குகளும் தனித்தனியே எண்ணப்பட்டு, 14ஆம் பாரத்தில் பதிவாகின்றன. அதனால் ஒருவரின் வாக்கு மறைவாக இருந்தாலும், ஓர் ஊரின் முதியோர் எந்தப் பக்கம் சாய்ந்தனர், இளையோர் எந்தப் பக்கம் சாய்ந்தனர் என்பது வெளிப்பட்டுவிடும். ஒரே ஒரு வரிசை கொண்ட சிறிய நிலையமாயின், அந்தக் குடியிருப்பு முழுவதன் போக்குமே தெரிந்துவிடும். பெரிய நகரத்துக் கூட்டத்தில் கிட்டும் மறைவு சிற்றூருக்குக் கிட்டுவதில்லை.

மற்றொன்றும் உண்டு. 2021 டிசம்பர் முதல், 18 வயது நிரம்பியவர்கள் தாமாகவே வாக்காளர்களாகப் பதியப்படுகின்றனர். எந்தத் தொகுதி என்பதை அடையாள அட்டையில் உள்ள முகவரி முடிவு செய்கிறது. கோலாலம்பூரில் வேலை செய்யும் இளைஞர் முகவரியை மாற்றாவிட்டால், ஊருக்குத் திரும்பித்தான் வாக்களிக்க வேண்டும். பொதுத்தேர்தல் என்றால் பேருந்து நிரம்பி வழிய வருவார்கள். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு மட்டும் இடைத்தேர்தல் என்றால் அத்தனை பேரும் வருவார்களா? 2022 பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் ஏறக்குறைய 74 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 2025 ஏப்ரலில் ஆயர் கூனிங் சட்டமன்ற இடைத்தேர்தலில் வாக்களித்தவர் ஏறக்குறைய 58 விழுக்காட்டினரே. வெளியூரில் இருப்போர் வராதது இதற்கு ஒரு காரணம். வடிகாலுக்கு அருகில் உள்ள சீட்டு என்று மேலே கூறினோமே, அன்று பெட்டிக்குள் விழுந்தது அந்தச் சீட்டு மட்டுமே!

தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடையே உள்ள காலத்துக்கும் அதே 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் 23ஆம் பிரிவின்படி, மன்றமே வேறு முடிவு எடுத்தாலன்றி, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் திறந்தவை. செயற்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. மற்றபடி, மன்றக் கூட்டம் நடக்கும் நாளில் வரி கட்டும் கடைக்காரர் உள்ளே போய் அமரலாம்; பள்ளிச் சீருடையோடு ஒரு மாணவர் போய் அமர்ந்தாலும் சட்டம் தடுக்காது.